இடது கைத் தழும்பு பிறந்த கதை

வட்டக்கானல் காற்றை விற்றுப் பிழைக்கிற ஊர். கொடைக்கானல் பேருந்து நிலையத்திலிருந்து ஜீப் ஏறினால் நான்கைந்து கிலோமீட்டர். பாம்பார் சோலையைத் தொட்டுக்கொண்டு, டால்பின்ஸ் நோஸ் பாறைக்குப் போகும் வழியில், சரிவில் தொற்றிக்கொண்டிருக்கும் கொஞ்சம் வீடுகள், நிறைய அறைகள். இஸ்ரேல் இளைஞர்கள் வந்து தங்கித் தங்கி, சில கடைப் பலகைகளில் ஹீப்ரு எழுத்தும் ஏறிவிட்டது. எந்த நாட்டுக்காரர் வந்தாலும் ஜீப்பை விட்டு இறங்கியதும் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துவிட்டுத்தான் பையை எடுக்கிறார்.

இந்த மலையூர் உண்டானதே அந்த மூச்சுக்காகத்தான். மதுரையில் இருந்த அமெரிக்க மிஷன்காரர்கள் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் ஆட்களைப் பறிகொடுத்துவிட்டு, முதலில் சிறுமலையில் ஒதுங்கப் பார்த்தார்கள். அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. 1845இல் பழனி மலையின் உச்சிக்கே ஏறி இரண்டு பங்களா கட்டினார்கள். அதுதான் கொடைக்கானல். மலைக்காற்றே மருந்து என்ற நம்பிக்கை அதன்பின் நூறு வருஷம் ஓடியது. டி.பி.க்கு மாத்திரை இல்லாத காலம் அது. காற்று, வெயில், பால், முட்டை, படுக்கை, இவைதான் வைத்தியம். மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரம், பெருந்துறை, தாம்பரம் என்று சானடோரியங்கள் எழுந்தன. தாம்பரத்தில் ரயில் நிலையத்துக்கே சானடோரியம் என்று பெயர் வைத்தாகிவிட்டது. இன்றும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் மின்சார ரயிலில் டிக்கெட் எடுக்கிறோம்.

காற்று சுத்தமாக இருப்பது வேறு, போதுமானதாக இருப்பது வேறு. வட்டக்கானல் கடல்மட்டத்துக்குச் சுமார் 2000 மீட்டர் மேலே இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் சென்னையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் அதே கணக்கில் குறைவு. நல்ல நுரையீரலுக்கு இது தெரியவே தெரியாது. நோய் பிடித்த நுரையீரலுக்கு, அதிலும் ஒரு கைக்குழந்தையின் நுரையீரலுக்கு, அந்த ஐந்தில் ஒன்று பெரிய இழப்பு. இங்கே ஒரு குழந்தைக்கு மூச்சுத் திணறல் முற்றினால், காற்றைத் தேடி மேலே வந்த பாதையிலேயே ஆக்சிஜனைத் தேடிக் கீழே இறங்க வேண்டும். கொண்டை ஊசி வளைவுகள், வத்தலக்குண்டு, அதற்கப்பால் மதுரை.

அந்த இறக்கம் வராமல் காக்கிற சின்னச் சாமான் ஒன்று நம்மில் பெரும்பாலோர் உடம்பில் இருக்கிறது. இடது புயத்தில், சட்டைக் கை முடிகிற இடத்துக்குச் சற்று மேலே, பட்டாணி அளவில் கொஞ்சம் பள்ளமாக ஒரு வடு. வயதானவர்கள் இதையும் அம்மை குத்திய தழும்பையும் போட்டுக் குழப்புவார்கள். அம்மை குத்தியது பெரிசு, சுருக்கம் விழுந்தது, பெரியம்மை ஒழிந்த பிறகு பிறந்தவர்களிடம் கிடையாது. சின்னது பிசிஜி தடுப்பூசியின் வடு. தழும்பை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது எதற்கு என்று கேட்டால் பத்துக்கு ஒன்பது பேர், டி.பி. வராமல் இருக்க என்பார்கள். அந்தப் பதில் பாதிதான் சரி. அது பாதி என்று உலகுக்கு எடுத்துச் சொன்னதும் நம் தமிழ்நாட்டு மண்தான்.

எந்த நோயைத் தடுக்கவென்று இது வந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம். பெரியவர்களுக்கு வரும் டி.பி. மெதுவானது. நுரையீரலின் மேல்பகுதியில் ஒரு குழி விழும், இருமல், சளி, மாலையில் காய்ச்சல், எடை குறைவது என்று மாதக்கணக்கில் இழுக்கும். கைக்குழந்தைக்கு வருவது வேறு ரகம். தாத்தாவோ, பக்கத்து வீட்டுக்காரரோ, தாயே கூடவோ இருமிய காற்றிலிருந்து நாலு கிருமி உள்ளே போகிறது. பெரியவர் உடம்பு அதைச் சுற்றி வளைத்துக் கட்டிப்போட்டுவிடும். குழந்தை உடம்புக்கு அந்த வித்தை இன்னும் கைவரவில்லை. கிருமி மூச்சுக்குழாயை ஒட்டியிருக்கும் நிணநீர்க் கட்டிகளுக்குப் போய் அவற்றை வீங்க வைக்கிறது. குழந்தையின் மூச்சுக்குழாயோ மெல்லியது; வீங்கிய கட்டி நெருக்கினாலே ஒரு பக்க நுரையீரல் காற்றில்லாமல் சுருங்கிவிடும். இன்னும் மோசம், கிருமி ரத்தத்தில் இறங்குவது. அப்போது மார்பு எக்ஸ்ரேயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால், இரண்டு நுரையீரலிலும் உச்சியிலிருந்து அடிவரை தினையை வாரி இறைத்தது போல வெள்ளைப் புள்ளிகள். மிலியரி டி.பி. என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். சில குழந்தைகளுக்கு அது மூளை உறைக்கும் ஏறுகிறது.

தடுப்பூசி இல்லாத காலத்துக் குறிப்புகளை வைத்துப் பின்னாளில் கணக்குப் போட்டார்கள். ஒரு வயதுக்குள் கிருமி தொற்றிய குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு நோயாக மாறியது. நூற்றுக்குப் பத்திலிருந்து இருபது பேருக்கு மூளைக்கோ உடம்பு முழுவதுக்குமோ பரவியது.

மருத்துவமனைக்கு வரும்போது அது நிமோனியா போலத்தான் வரும். காய்ச்சல், வேகவேகமான மூச்சு, மூக்குத்துவாரம் விரிவது, ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்கிடையில் தோல் உள்ளே குழிவது. ஆன்டிபயாடிக் போடுவார்கள், கேட்காது. ஆக்சிஜன் வைப்பார்கள், விரலில் மாட்டிய கருவியில் அளவு ஏறாது. காற்றறைச் சுவர் முழுக்க அழற்சி பரவி, நீர் கோர்த்து, நுரையீரல் விறைத்துப்போகும். அப்புறம் வென்டிலேட்டர்தான். இதற்கிடையில் நோயை உறுதி செய்ய வேண்டும். பெரியவரிடம் ஒரு டப்பாவைக் கொடுத்துச் சளியைத் துப்பச் சொல்லலாம். குழந்தைக்குத் துப்பத் தெரியாது. வரும் சளியை எல்லாம் விழுங்கிவிடும். அதனால் விடியற்காலையில், பால் கொடுப்பதற்கு முன், மூக்கு வழியாகக் குழாய் விட்டு இரைப்பையிலிருந்து அந்தச் சளியை எடுப்பார்கள். அதிலும் கிருமிகள் கொஞ்சமே இருக்கும். சோதனையில் தெரியாமல் போவதும் உண்டு. டி.பி. மருந்தோ ஒரே நாளில் வேலை செய்கிற மருந்தல்ல. குழந்தை மருத்துவர்கள் இந்த நிலையில் கேட்கும் மிக முக்கியமான கேள்விக்கு எந்தக் கருவியும் வேண்டாம்: ‘வீட்ல யாருக்காவது ரொம்ப நாளா இருமல் இருக்காம்மா?’

பிரான்சின் லில் நகரில், ஆல்பெர் கால்மெத், கமில் கெரான் என்ற இருவர் 1908இல் ஒரு மாட்டு டி.பி. கிருமியை வளர்க்கத் தொடங்கினார்கள். மடி நோய் கண்ட பசுவிடமிருந்து எடுத்த கிருமி அது. கிளிசரினில் வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டில் வளர்த்தார்கள். கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிகட்டியாகத் திரண்டன. அதைப் பிரிக்க மாட்டுப் பித்தத்தைச் சேர்த்தார்கள். பித்தம் பட்ட கிருமி கொஞ்சம் கொஞ்சமாகத் தன் கொடுமையை இழப்பதைக் கண்டார்கள். எதிர்பாராமல் கிடைத்த இந்தப் பிடியை அவர்கள் விடவில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை புதுத் துண்டுக்கு மாற்றினார்கள். முதல் உலகப் போர் வந்தது, லில் ஜெர்மானியர் கையில் விழுந்தது, உருளைக்கிழங்கு விலை ஏறியது. அவர்கள் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். 13 வருஷம், 230 முறை. ஆராய்ச்சி என்றால் ஞானோதயம் என்று நினைப்பவர்கள் இந்தப் பதின்மூன்று வருஷத்து உருளைக்கிழங்கை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

1921 ஜூலையில், பாரிஸில், பிறந்த கையோடு தாயை டி.பி.க்குப் பறிகொடுத்த ஒரு பச்சைக்குழந்தைக்கு அதைக் கொடுத்தார்கள். வளர்க்கப்போகும் பாட்டிக்கும் டி.பி. ஊசியாக அல்ல, வாய்வழியே மூன்று முறை. குழந்தை பிழைத்து வளர்ந்தது. ஆக, இந்த மருந்தின் முதல் வேலையே நோயாளியின் மடியில் வளரும் குழந்தையைக் காப்பதாக இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வருகிற குழப்பம் எல்லாம் தெளிந்துவிடும். நடுவில் இதை எல்லோருமே மறந்தார்கள்.

1930இல் ஜெர்மனியின் லூபெக் நகரத்தில் சுமார் 250 குழந்தைகளுக்குக் கொடுத்த மருந்தில், ஆய்வகத்திலேயே வீரியமுள்ள டி.பி. கிருமி கலந்துபோனது. எழுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். பிசிஜி மேல் தவறில்லை என்று விசாரணையில் தெரிந்தாலும், உயிருள்ள கிருமியைக் குழந்தைக்குள் விடுவது என்ற பயம் அதன்பின் அகலவேயில்லை.

அந்தப் பயம் கடல் கடந்து சென்னைக்கும் வந்தது. 1948இல் நம் நாட்டில் முதலில் பிசிஜி போட்டுப் பார்த்த இடம், அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த மதனப்பள்ளி. அதே வருஷம் கிண்டியில் பிசிஜி ஆய்வகம் தொடங்கியது. வெளிநாட்டுச் செஞ்சிலுவைக்காரர்கள், யூனிசெஃப், உலக சுகாதார நிறுவனம் எல்லாம் கைகொடுக்க, 1951 முதல் அரசு இதை நாடு முழுக்க எடுத்துச் சென்றது. அன்றைய மருந்து திரவம். சில வாரமே தாங்கும். ஐஸில் வைத்து ரயிலிலும் ஜீப்பிலும் ஓட வேண்டும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி முதலில் முன்கையில் டியூபர்குலின் சோதனை. மூன்றாம் நாள் வந்து பார்த்து, தடிக்காதவர்களுக்கு மட்டும் பிசிஜி.

1955இல் ராஜாஜி இதை எதிர்த்துக் களத்தில் இறங்கினார். முதலமைச்சர் பதவியை விட்டு ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. எதற்கு எதிர்க்கிறேன் என்று தனிப் புத்தகமே போட்டார். மத்தியில் சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர். காந்தியின் அணுக்கர் இருவர் எதிரெதிர் நின்றார்கள். நிரூபணம் முழுசாக இல்லாத ஒரு மருந்தை, உயிருள்ள கிருமியை, நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு ஏன் ஏற்ற வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். அவரை அறிவியலுக்கு எதிரி என்று தள்ளிவிடுவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிரூபணத்தைக் காட்டு என்று கேட்டது நியாயமான கேள்வி. ஊசியின் பலத்தைப் பற்றி அவருக்கு இருந்த சந்தேகத்துக்குக் கால் நூற்றாண்டு கழித்து விஞ்ஞானிகளே ஒரு விதத்தில் ஆமாம் போட்டார்கள். அவர் தவறவிட்டது வேறொன்று. அது அவரை மறுத்தவர்கள் கண்ணிலும் படவில்லை.

அந்த ‘ஆமாம்’ வந்த இடம் செங்கல்பட்டு. இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த சோதனையில் பிசிஜி முக்கால் பங்குக்கும் மேல் பாதுகாப்புத் தந்தது; அமெரிக்காவின் தெற்கே நடந்ததில் ஏறக்குறைய ஒன்றும் தரவில்லை. சண்டையைத் தீர்க்க, உலகிலேயே மிகப் பெரிய பிசிஜி சோதனையை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்றைய திருவள்ளூர் பக்கத்துக் கிராமங்களில் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்காவும் உடன் நின்றன. வீடுவீடாகப் போய்க் கணக்கெடுத்து, சுமார் 2,60,000 பேருக்குப் போட்டார்கள். சிலருக்குப் பிசிஜி, சிலருக்கு வெறும் போலி ஊசி. யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. அப்புறம் வருஷக்கணக்கில் அதே வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போய், இருமலா, எக்ஸ்ரே எப்படி, சளியில் கிருமியா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இவ்வளவு பொறுமையான வேலைக்கு வாசலைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்த அந்த ஊர்க்காரர்களை எந்தப் பாடப்புத்தகமும் பேசுவதில்லை.

ஏழரை வருஷத்து முடிவு 1979இல் வெளிவந்தது. பாதுகாப்பு: பூஜ்யம். முதல் சில வருஷங்களில் ஊசி போட்டவர்களிடம் நோய் கொஞ்சம் கூடவே இருந்தது. பதினைந்து வருஷத்துக் கணக்கும் இதையே சொன்னது. காரணம் என்ன என்று இன்றும் வாதம் உண்டு. நம் மண்ணிலும் நீரிலும் டி.பி. கிருமியின் சாதுவான சொந்தக்காரக் கிருமிகள் ஏராளம். அவற்றோடு பழகிய உடம்புக்குப் பிசிஜி புதிதாக எதையும் கற்றுத்தரவில்லை என்பது பலரும் ஏற்கிற விளக்கம்.

ஊசியை நிறுத்திவிடலாமா என்று உலகம் யோசித்தது. அப்போதுதான் சோதனை எதை எண்ணியது என்று திரும்பிப் பார்த்தார்கள். அது எண்ணியது சளியில் கிருமி தெரிந்தவர்களை. பரப்புகிறவர் அவர்தான், அதனால் அவரை எண்ணுவதில் தப்பில்லை. ஆனால் மேலே சொன்ன தினைப்புள்ளிக் குழந்தை சளி துப்பாது. அந்தக் கணக்கில் அது வரவே வராது. குழந்தைகளை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்த பல நாட்டு ஆய்வுகள் வேறு கதை சொல்லின: மூளை உறை டி.பி.யையும் மிலியரி டி.பி.யையும் பிசிஜி நான்கில் மூன்று பங்குக்கு அருகில் தடுக்கிறது. நுரையீரலுக்குள் கிருமி நுழைவதை அது முழுசாகத் தடுக்காது; நுழைந்தது ரத்தத்தில் இறங்கி ஓடுவதைத்தான் தடுக்கிறது. 2002ஆம் வருஷம் உலகில் போட்ட சுமார் பத்துக் கோடி பிசிஜி, அந்தக் குழந்தைகளின் முதல் ஐந்து வருஷத்தில் 30,000 மூளை உறை டி.பி.யையும் 11,000 மிலியரி டி.பி.யையும் தவிர்த்தது என்று 2006இல் கணக்குப் போட்டார்கள்.

1921இல் பாரிஸில் அந்தப் பாட்டி வீட்டுக் குழந்தைக்குச் செய்த வேலையைத்தான் ஊசி கடைசிவரை செய்துகொண்டிருந்தது. நாம்தான் அதனிடம் ஊரைக் காக்கும் வேலையைக் கேட்டுவிட்டு, செய்யவில்லை என்று கோபித்துக்கொண்டோம். செங்கல்பட்டு அதைத் தோற்கடித்ததாகச் சொல்வது வழக்கம். எனக்கென்னவோ, அதன் இடம் தொட்டில் என்று காட்டிக்கொடுத்ததே செங்கல்பட்டு என்றுதான் படுகிறது. பெரியவர்களின் டி.பி.க்குச் சென்னை வேறு வழி காட்டியது. சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய ஆய்வு, மாத்திரையை வீட்டிலிருந்தே சாப்பிட்டாலும் சானடோரியத்தில் படுத்துச் சாப்பிட்டாலும் குணம் ஒன்றுதான் என்று 1959இல் நிரூபித்தது. மலைக்காற்று வைத்தியம் அன்றோடு முடிந்தது.

கிண்டி ஆய்வகம் பல பத்தாண்டுகள் நாட்டுக்கே பிசிஜி தந்தது. 2008 ஜனவரியில், தரக் கட்டுப்பாட்டு விதிகளைக் காரணம் காட்டி, கசௌலி, குன்னூர் நிறுவனங்களோடு சேர்த்து இதன் உற்பத்தியையும் மத்திய அரசு நிறுத்தியது. பலத்த எதிர்ப்புக்குப் பிறகு 2010இல் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. பழுதான கட்டடத்தைச் சரிசெய்வதற்குப் பதிலாகக் கதவையே பூட்டியது எந்த ஊர் நிர்வாகமோ!

இனி, ஊசி போடுகிற நொடி. பிரசவ வார்டில் நர்ஸ் கையில் பழுப்புக் கண்ணாடிக் குப்பி. வெளிச்சம் பட்டால் மருந்து கெட்டுவிடும் என்பதால் அந்த நிறம். உள்ளே கொஞ்சம் வெள்ளைத் தூள். உப்பு நீரைச் சேர்த்துக் கலக்குகிறார். ஸ்பிரிட் போட்டுத் துடைப்பதில்லை. உள்ளே போகப்போவது உயிருள்ள கிருமி. பிறந்த குழந்தைக்கு 0.05 மில்லிதான், ஒரு துளி. அதைத் தசைக்குள் இறக்கக் கூடாது, தோலுக்கு அடியிலும் விடக்கூடாது. தோலுக்குள்ளேயே நிற்க வேண்டும். ஊசியைக் கிட்டத்தட்டப் படுக்க வைத்து, மெல்லிய தோலைக் கட்டைவிரலால் இழுத்துப் பிடித்து நுழைக்கிறார். சரியாகப் போனால் அந்த இடம் வெளுத்து, மயிர்க்கால் தெரியத் தெரியப் புடைத்துக்கொள்ளும். எல்லோருக்கும் இடது கையே என்று வைத்ததற்குக் காரணம், பின்னால் தழும்பைத் தேடுகிறவர்கள் கைமாற்றித் தேட வேண்டாம் என்பது. புடைப்பு அரை மணியில் அமுங்கிவிடும். அம்மா வீட்டுக்குப் போய் மறந்துவிடுவார். மூன்றாவது நான்காவது வாரம் அதே இடத்தில் ஒரு கட்டி எழும்பிச் சீழ் கோர்க்கும். பாட்டி பதறிப்போய் மஞ்சள் அரைக்க ஓடுவார். வேண்டாம். மஞ்சளும் வேண்டாம், களிம்பும் வேண்டாம். ஊசி வேலை செய்கிறது என்று அர்த்தம். உடைந்து, ஆறி, பன்னிரண்டு வாரத்துக்குள் தழும்பாகிவிடும். தழும்பு வராத குழந்தைக்கு மறுபடி போடத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனமே 2018இல் சொல்லிவிட்டது.

மலையூருக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு குப்பியில் பல குழந்தைக்கான மருந்து இருக்கிறது. கலக்கினால் நாலு மணி நேரத்தில் தீர்க்க வேண்டும், மிஞ்சியதைக் கொட்ட வேண்டும். தனிக்குடிசையில் பிறந்த ஒற்றைக் குழந்தைக்காகக் குப்பியை உடைக்க யாருக்கும் மனசு வராது. அதனால்தான் ஆஸ்பத்திரியிலேயே பிரசவம், வீட்டுக்கு அனுப்பும் முன்பே பிசிஜி என்று வைத்தார்கள். விட்டுப்போனாலும் ஒரு வயது முடிவதற்குள் போடலாம்.

உலகில் ஆண்டுக்குச் சுமார் 12 லட்சம் குழந்தைகளுக்கு இன்றும் டி.பி. வருகிறது, ஏறத்தாழ 2 லட்சம் பேர் இறக்கிறார்கள். நூறு வருஷம் தாண்டியும் உரிமம் பெற்ற டி.பி. தடுப்பூசி உலகில் இந்த ஒன்றுதான். அதுவும் குழந்தையின் மூளை உறை டி.பி.யிலும் மிலியரி டி.பி.யிலும்தான் நாலில் மூன்றைத் தடுக்கிறது. மிச்சம் ஒன்றுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். வீட்டில் ஒருவருக்கு டி.பி. என்று தெரிந்தால், அங்கிருக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையைப் பரிசோதித்து, நோய் இல்லாவிட்டாலும் தடுப்பு மாத்திரை கொடுக்க வேண்டும் என்பது அரசு விதி. ஐசோனியாசிட், ஆறு மாதம், குழந்தையின் எடைக்கேற்ற அளவில், காசில்லாமல். ஆனால் மாத்திரை குழந்தைக்குக் கிடைக்க, முதலில் தாத்தா தன் இருமலைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பனிக்கு வந்த இருமல், குளிர் விட்டால் போய்விடும் என்று மலையில் மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது அந்த ஒன்றைத்தான்.